ஈழத்துத் தமிழ் மகளிரின் அன்றாட அணிகலன்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

அணிகலன் என்றதும் விழாக்காலக் கோலமே முதலில் நினைவுக்கு வருகின்றது. மணமகளின் ஒப்பனை, ஆடல் மகளிரின் பூண்கள், தேரேறும் தெய்வத்தின் அலங்காரம் ஆகியனவே புலவரதும் சிற்பியரதும் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. ஆயினும் ஒரு பெண் தன் வாழ்நாளில் இத்தகைய கோலம் பூணும் நாட்கள் மிகச் சில. ஏனைய நாட்களில் கிணற்றடியிலும் அடுக்களையிலும் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவள் உடலில் இருப்பவை ஒரு சோடித் தோடு, ஒரு மூக்குத்தி, ஒரு சங்கிலி, இரண்டொரு காப்பு என்பனவே.

இச்சிறு தொகுதி தற்செயலாக அமைவதன்று. எதனை எதனோடு சேர்த்து அணிவது, எதன்மேல் எதனை அடுக்குவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பவற்றுக்குச் சமுதாயத்தில் எழுதப்படாத அளவொன்று எக்காலத்தும் இருந்து வந்துள்ளது. கண்ணுக்கு இதமான சமநிலையை நாடும் அழகுணர்வு அவ்வளவினை ஓரளவுக்குத் தீர்மானித்தது. பெண்ணின் சொத்துரிமை, அவள் பிறந்த சாதி, அவளுடைய கணவன் உயிரோடிருக்கின்றானா இல்லையா என்பன அதனை மிகுதியாகத் தீர்மானித்தன. இலக்கியம், சிற்பம், சட்டம், வழக்காறு ஆகிய சான்றுகளைக் கொண்டு இக்கருத்தினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் இரு கோலங்கள்

தமிழில் அணிகளின் மிக விரிந்த வரிசையொன்றினைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை தருகின்றது. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அணி செய்துகொள்ளும் பகுதி அது. கால்விரல் மோதிரத்தில் தொடங்கும் இளங்கோவடிகள் சிலம்பு, பாடகம், சதங்கை என ஏறி, இடையில் முப்பத்திரண்டு கோவையாலாகிய முத்து வடத்தையும், கையில் பொன்வளை, சங்குவளை, பவழவளை ஆகியவற்றையும் காட்டி, கழுத்தையும் காதையும் கடந்து தலையணியில் முடிக்கின்றார். கழுத்தணிகளின் கொக்குவாயிலிருந்து பின்புறமாகத் தொங்கிப் பிடரியை மறைத்த மணிக்கோவையையும் அவர் கூறாது விடவில்லை. முன்னால் தொங்கும் பாரத்துக்குப் பின்னால் ஓர் ஈடு செய்யும் இவ்வொழுங்கு, அடுக்கி அணிதல் அக்காலத்திலேயே தேர்ந்ததொரு கலையாக வளர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

இதே காவியத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் மறுபக்கத்தைக் காண்கின்றோம். கணவனைப் பிரிந்த கண்ணகியின் அடியிற் சிலம்பில்லை, காதிற் குழையில்லை. மங்கல அணி ஒன்றினைத் தவிர வேறெதனையும் அவள் விரும்பவில்லை. இரு கோலங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். இரண்டு கோலங்களின் அளவையும் தீர்மானித்தவன் கோவலனே. அவனை மீட்க ஒருத்தி அணிகின்றாள். அவன் இல்லாமையால் மற்றவள் களைகின்றாள்.

எனினும் கண்ணகி களைந்த சிலம்பு வீணாகவில்லை. பொருளனைத்தையும் இழந்த கோவலனுக்கு மதுரையில் வாணிகம் தொடங்கும் முதலாக எஞ்சியது அச்சிலம்பே. நகை என்பது அழகுப் பொருளாக இருக்கும் அதே வேளையிற் குடும்பத்தின் இறுதிச் சேமிப்பாகவும் இருக்கின்றது என்னும் நடைமுறையை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் தமிழ்க் கதை பிறிதில்லை எனலாம்.

உயர்குடியினரின் பொன்னணிகளை விட எளிய மக்களின் அன்றாட அணியாக விளங்கியது சங்குவளை. சங்கினை அரத்தால் அறுத்து வளை செய்யும் பார்ப்பானொருவனை அகநானூற்றின் 24 ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. கொடுமணல், கீழடி முதலிய தமிழகத்துத் தொல்லியற் களங்களிலும், மன்னாருக்கு அண்மையிலுள்ள மாந்தையிலும் சங்குவளைத் துண்டுகள் கிடைத்துள்ளன. தலைவனைப் பிரிந்த தலைவியின் கைவளை நெகிழ்வதாகச் சங்கப் புலவர் மீண்டும் மீண்டும் பாடினர். வளை எப்போதும் கையிற் கிடந்தமையாலும், அது மணிக்கட்டில் எவ்வாறு பொருந்தி நிற்கும் என்பது அயலார் எல்லோருக்கும் பழகிய காட்சியாக இருந்தமையாலுமே அந்நெகிழ்ச்சி ஊரறியும் செய்தியாயிற்று. அன்றாட அணி உடலோடு ஒன்றி, உடலின் மாற்றத்தை வெளியே சொல்லும் கருவியாகவும் அமைந்தது.

படிமங்களின் ஒழுங்கு

அணிகளை அடுக்கும் முறையினைக் கண்ணாற் காண்பதற்குச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளே சிறந்த சான்றுகளாகும். பொலன்னறுவையிலுள்ள சிவாலயங்களை அண்டி 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்த திருமேனிகள் ஈழத்தவருக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டுகளாம். ஆனந்த குமாரசுவாமியும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவற்றை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இம்மரபில் அமைந்த தேவி படிமமொன்றினைக் கூர்ந்து நோக்கின், சிற்பி எங்கே அணிகளைச் சேர்த்தான் என்பதோடு எங்கே அவற்றைத் தவிர்த்தான் என்பதும் புலப்படும். கழுத்தை ஒட்டி அகன்ற கண்டிகை. அதன்கீழ் மார்பிற் படியும் வடம். அதற்கும் கீழே நீண்டிறங்கும் நூல் என ஒன்றையொன்று மறையாத வெவ்வேறு நீளங்களில் அவை அமைகின்றன. மேற்கையில் தோள்வளையும் மணிக்கட்டில் வளைகளும் இருக்க, முன்கையின் நடுப்பகுதி வெறுமையாக விடப்பட்டுள்ளது. இடையில் மேகலை செறிவுற்றிருக்க அதற்கு மேலே வயிறு அணியேதுமின்றி ஒளிர்கின்றது. செறிவுக்கு அடுத்து வெறுமை, வெறுமைக்கு அடுத்துச் செறிவு என்னும் இவ்வொழுங்கே கண்ணுக்கு இளைப்பாறுதலைத் தருவது. மாதவியின் பிடரியில் தொங்கிய கோவையைப் போன்ற பின்னணியினை இத்திருமேனிகளின் முதுகுப்புறத்திலும் காணலாம்.

சமநிலை என்பது இருபுறமும் ஒரே வகையான அணியைப் பூணுதல் என்று கொள்வதும் பொருந்தாது. ஆடவல்லானின் வலச் செவியில் மகர குண்டலமும் இடச் செவியில் வளையமாகிய தோடும் அமைவதுண்டு. ஆணும் பெண்ணுமாகிய இறைவனின் இயல்பை அவ்வேறுபாடு உணர்த்துகின்றது. திருஞானசம்பந்தரின் முதற் பதிகம் அத்தோட்டினைச் சொல்லியே தொடங்குகின்றது. வேறுபட்ட இரண்டு ஒன்றையொன்று நிறைவு செய்வதனால் உண்டாகும் சமநிலை இது.

1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள் இவ்வணிகளின் பொருளாதாரத்தை எடுத்துக் கூறுகின்றன. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் திருமேனிகளுக்கு வழங்கிய ஏகாவல்லி, திருப்பட்டிகை, திருக்கைக்காறை, தாலி முதலியன தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறையும், முத்தும் மணியும் இத்தனை என்ற எண்ணிக்கையும், அரக்கும் சரடும் நிறையிற் சேர்ந்தனவா என்ற விளக்கமும் அவற்றிலுண்டு. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். தெய்வத்துக்கு இட்ட நகைக்கே ஒரு குன்றிமணியும் பிசகாது கணக்கு வைத்த சமுதாயம், மனிதர் அணியும் நகையைக் கணக்கின்றி விட்டிருக்குமென எண்ண இடமில்லை.

யாழ்ப்பாணத்து அன்றாட அணி

யாழ்ப்பாணத்துப் பெண்களின் அணிவரிசையை விசேட அணி, அன்றாட அணி என இரண்டாகப் பகுக்கலாம். கல்லட்டியல், பதக்கஞ்சங்கிலி, ஒட்டியாணம், சிமிக்கி முதலியன கலியாணத்துக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் பெட்டகத்திலிருந்து வெளிவருவன. இல்லாதவர் இவற்றை உறவினரிடம் இரவல் பெற்று அணிவதும் வழக்கம். தோடு, மூக்குத்தி, காப்பு, மெல்லிய சங்கிலி, மணமானவராயின் தாலிக்கொடி ஆகியன அன்றாட அணிகளாம். ஆண்களும் ஒருகாலத்திற் காதிற் கடுக்கன் அணிந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கம் படிப்படியாக அருகிற்று.

விசேட நாட்களில் அடுக்கும் முறை சோழர் படிமத்தின் முறையையே பெரிதும் ஒத்தது. அட்டியல் கழுத்தை ஒட்டி நிற்கும். பதக்கம் மார்பிற் படியும். கொடி அதற்குக் கீழே இறங்கும். கண்ணாடிக் காப்புகளின் இரு ஓரத்திலும் பொற்காப்பு நின்று அவற்றை அணைத்துக்கொள்ளும். பாரமான சிமிக்கியை அணிபவர் அதன் சுமையைக் காதுச் சங்கிலியால் கூந்தலோடு இணைத்துத் தாங்கினர். இங்கே பாரத்தைப் பகிர்தலே அழகாகவும் அமைந்துவிடுகின்றது. அன்றாட வாழ்விலோ இவ்வடுக்கு தானாகவே குறைகின்றது. கிணற்றில் நீர் அள்ளும் கைக்கும் உரலில் மா இடிக்கும் கைக்கும் இரண்டு காப்புகளுக்கு மேல் இடைஞ்சலே. கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்தோரும், அதனைப் பூட்டி வைத்து மெல்லிய சங்கிலியோடு நின்றோரும் உளர். உழைப்பே அன்றாட அணியின் முதல் அளவுகோல் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது அளவுகோல் பவுண். கழஞ்சும் மஞ்சாடியும் வழக்கொழிய, ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்தம் தங்க நாணயத்தின் பெயரே நகையின் நிறைக்கும் பெயராயிற்று. அந்நாணயம் ஏறத்தாழ 8 கிராம் நிறையுடையது. இருபத்திரண்டு கரட் தங்கத்தாலானது. இன்றும் ஈழத்திற் பவுண் என்பது 8 கிராமையே குறிக்கும். கலியாணத்துக்கு முன் நல்ல நாளிற் பொற்கொல்லர் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்கான பொன்னை உருக்கும் பொன்னுருக்கல் சடங்கு, பொன் கண்முன்னே உருகுவதனால் அதன் தரத்துக்கும் சாட்சியாயிற்று. தாலிக்கொடி ஒற்றைப்பட்ட எண்ணிக்கையிலான பவுணில் செய்யப்படுதலும், அவ்வெண் உறவினரிடையே பேசப்படுதலும் வழக்கம். கழுத்தில் தொங்கும் கொடியின் நீளத்தையும் தடிப்பையும் கொண்டே ஒரு குடும்பத்தின் நிலையை ஊர் அளந்துகொண்டது.

கையொப்பம் வேண்டாத சொத்து

தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்த அச்சட்டத்தில் நகையும் காணியும் சீதனத்தில் அடங்கின. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கிடைத்தமையைக் கொண்டு யாழ்ப்பாணப் பெண் சொத்துடையவள் எனப் பெருமை கொள்வார் பலர். ஆயின் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமைக்கு ஓர் எல்லையை இட்டது. அச்சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அச்சம்மதம் வேண்டியதில்லை.

இவ்வேற்பாட்டின் விளைவு நகையின் வரலாற்றில் மிக முக்கியமானது. தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட வளவினை ஒருத்தி தன் விருப்பப்படி விற்க முடியாது. தன் கையிற் கிடக்கும் காப்பைக் கழற்றி அடைவு வைக்க எவரது கையொப்பமும் வேண்டாம். பிள்ளையின் பரீட்சைக் கட்டணம், மருத்துவச் செலவு, தோட்டத்துக்கு விதை வெங்காயம் என வந்த அவசரங்களுக்கெல்லாம் முதலில் அசைந்தது காப்பே. 1983 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னர் மக்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார் பலரின் கொடிகள் இவ்வாறே விலைப்பட்டன. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கோ காணியென ஒன்றே இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தனர். மூக்குத்தியும் தோடும் அங்கே அழகுக்கு மேலாக, சேமிப்பென்று சொல்லத்தக்க ஒரே பொருளாக இருந்தன.

ஆகவே அன்றாடம் நகை அணிதலை வெறும் பகட்டு எனக் கண்டிப்போர் அதன் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். பெண்ணுக்கு முழு அதிகாரமுள்ள சொத்து அவளுடைய உடலிலேயே தங்கியிருந்தது. மறுபுறத்தில், அந்நகையின் பேரில் சீதனப் பேரம் வளர்ந்து, பவுண் சேராத காரணத்தாற் பெண்கள் மணமின்றி முதிர்ந்தமையும் இதே சமுதாயத்தின் வரலாறே. பெண்ணின் காப்பாக இருந்த பொன் பெண்ணுக்கே விலங்காகவும் ஆயிற்று.

அணிய மறுக்கப்பட்டோர்

அணியின் அளவைச் சாதி எவ்வாறு விதித்தது என்பதற்கு அயல்நாடாகிய திருவிதாங்கூரின் வரலாறு கூர்மையானதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. பொன்னும் வெள்ளியும் மறுக்கப்பட்ட புலையர் பெண்கள் அங்கே கல்லாலும் கண்ணாடியாலுமாகிய மணிமாலைகளைக் கழுத்தில் அடுக்கடுக்காக அணிய வேண்டியிருந்தது. அழகுக்கென எவரும் தேர்ந்த அடுக்கு அன்று அது. அடிமைத்தனத்தின் அடையாளமாக மார்பிற் சுமத்தப்பட்டது. 1915 ஆம் ஆண்டில் ஐயன்காளியின் தலைமையிற் கொல்லத்திற் கூடிய பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். கல்லுமாலைப் போராட்டம் என வரலாறு அதனைக் கூறுகின்றது. ஒரே அடுக்கு மாதவியின் கழுத்தில் கலையாகவும் இப்பெண்களின் கழுத்தில் இழிவாகவும் அமைந்தமைக்குக் காரணம் மணியில் இல்லை. அணிந்தவரின் விருப்பம் அதில் இருந்ததா என்பதிலேயே உள்ளது.

யாழ்ப்பாணத்தில் விதி வேறு வடிவிற் செயற்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணிவதும் பொன் நகை பூணுவதும் இருபதாம் நூற்றாண்டிலும் பல ஊர்களிலே தடுக்கப்பட்டன. தடையை மீறியோர் தாக்குதலுக்கும் உள்ளாயினர். உழைத்துச் சேர்த்த கூலியிற் பவுண் வாங்கினாலும் அதனைக் காதில் இடும் உரிமை அவர்களுக்கு இல்லை. மேலே கண்ட சேமிப்பு, பாதுகாப்பு, மதிப்பு ஆகிய அனைத்தும் இவ்வாறு ஒரே தடையினால் மறுக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966 ஆம் ஆண்டிலிருந்து எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களும் சாதித் தடைகளைத் தளர்த்திய பின்னரே பலருக்கு ஒரு சோடித் தோடு அச்சமின்றி அணியும் அன்றாடப் பொருளாயிற்று.

இழப்பின் காலம்

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் அணிந்திருந்த நகைகளும் பறிக்கப்பட்டன. தமிழ் பேசும் மக்களின் வரலாற்றை எழுதுவோர் இதனைக் கூறாது கடத்தல் நேர்மையாகாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தபோது வீட்டையும் வளவையும் விட்டுச் சென்ற குடும்பங்களுக்குக் கையோடு வந்த சொத்து நகையே. 2009 ஆம் ஆண்டு வரை வன்னியில் அடுத்தடுத்து நேர்ந்த இடப்பெயர்வுகளில் அதுவும் பலருக்கு எஞ்சவில்லை.

போர் முடிந்தபோது பல்லாயிரம் பெண்கள் கணவரை இழந்திருந்தனர். கணவனை இழந்தவள் கூந்தலைக் கொய்து வளையை நீக்கியமையைப் புறநானூறு காட்டுகின்றது. மதுரையை நீங்கும் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலிற் பொன்வளையைத் தகர்க்கின்றாள். அதே வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளின் பின்னும் தொடர்ந்தது. தாலி நீங்கியது, பொட்டும் நீங்கியது. குடும்பத்தைத் தனித்துத் தாங்குவதற்காக வேலைக்குச் செல்லும் இளம்பெண் ஒரு சங்கிலியும் நிறக் காப்பும் அணிந்தால் அயலார் வாயில் விழ வேண்டியிருக்கின்றது. மணமாகும் முன்னரே பெற்றோர் இட்ட தோடும் காப்பும் கணவனோடு வந்தனவல்ல. அவன் இறப்போடு அவை ஏன் நீங்க வேண்டும் என்ற வினாவுக்கு வழக்காறு மறுமொழி கூறுவதில்லை. இவ்வினாவைத் தம் நடத்தையினாலேயே எழுப்பி, பொட்டும் பூவும் காப்புமாக நடமாடும் பெண்களும் இன்று உளர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அன்றாட அணியின் வரலாறு அளவின் வரலாறாக விளங்குதல் காணலாம். வெவ்வேறு நீளங்களில் அடுக்குதல், செறிவுக்கு அருகே வெறுமையை விடுதல், பாரத்தைப் பகிர்தல், வேறுபட்டவற்றை இணைத்தல் என அழகின் அளவு சிலப்பதிகாரத்திலிருந்து சோழர் படிமத்தினூடாக யாழ்ப்பாணத்து அட்டியல் வரை பெரிதும் மாறாது வந்துள்ளது. மாறியதும் மாற வேண்டியதும் மற்றைய அளவு: எவள் அணியலாம், எத்தனை அணியலாம், எப்போது களைய வேண்டும் எனப் பிறர் விதித்த அளவு.

1915 இல் கொல்லத்துப் பெண்கள் அறுத்தெறிந்த மாலையும், யாழ்ப்பாணத்து உழைப்பாளிப் பெண் பயந்து பயந்து முதன்முதலாக இட்ட தோடும், கணவனை இழந்தவள் கழற்ற மறுக்கும் காப்பும் ஒரே உரிமையின் மூன்று தோற்றங்களாம். களைவதும் அணிவதும் அணிபவரின் விருப்பாகும்போதுதான் அணியின் சமநிலை முழுமை பெறும். அதுவரையும் கண்ணாடியின் முன் நின்று ஒருத்தி தன் சங்கிலியைச் சரிசெய்யும்போது, அவள் தோளுக்குப் பின்னால் ஊரும் நின்று அளந்துகொண்டேயிருக்கும்.